வேகப் படகு வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை விடுங்கள், முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் வேகப் படகு பார்க்க வருகிறவர்கள் வந்ததும் எஞ்சின் மூடியைத்தான் திறக்கச் சொல்வார்கள். எத்தனை குதிரைத்திறன், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, சர்வீஸ் பில் இருக்கிறதா. படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்க்கிற ஆளை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். என் படகை வாங்கும்போது நானும் படுத்துப் பார்க்கவில்லை.

என் படகு 26 அடி. பின்னால் இரண்டு 150 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது வெளியே தொங்கும் எஞ்சின். கண்ணாடி மாதிரி வெள்ளை. மூன்றாவது முறை வெளியே போனபோது, கோவளத்துக்கு எதிரே, அலை மோதும் சத்தம் மாறியது. படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் நிற்காமல் ஓடியது. மெதுவாகத் திரும்பிக் கரை சேர்ந்தோம். சென்னை காசிமேட்டில் பைபர் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் வந்து, படகின் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீ அந்தாண்ட போய் குதி."

குதித்தேன்.

"சத்தம் ஒண்ணா வந்துச்சா, ரெண்டா வந்துச்சா?"

"ரெண்டுண்ணா."

"ஒண்ணு உன் காலு. இன்னொண்ணு உள்ள வுட்டுப்போனது."

தரையை அறுத்துத் திறந்தோம். இடப்பக்க ஸ்ட்ரிங்கர், அதாவது படகின் நீளத்துக்கு ஓடும் உள் முதுகெலும்பு, சுமார் நாலு அடிக்கு உடலிலிருந்து பிரிந்து நின்றது. அதை உடலோடு பிணைத்திருந்த கண்ணாடி நார்ப் பட்டையை விரலால் இழுத்தேன். புது பிரிட்ஜிலிருந்து ஸ்டிக்கரை உரிப்பது போல வந்தது. கீழே இருந்த பரப்பு பளபளவென்று இருந்தது. ஒட்டும் முன் யாரும் அதைத் தேய்த்து முரடாக்கவே இல்லை. அலை என் படகை உடைக்கவில்லை. அது கட்டின அன்றே ஒட்டாமல் இருந்தது.

அன்றிலிருந்து நண்பர்கள் படகு வாங்கும்போதெல்லாம் கூடப் போகிறேன். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

அடிப்பலகை தண்ணீரில் அறையும்போது வரும் அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 20 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் போவதை 40 நாட் ஆக்கினால், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர், அறை நாலு மடங்கு. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் மணலில் நிற்கிற பைபர் படகுகள் பெரும்பாலும் 10 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சினில் ஓடுபவை. அவற்றை நூற்றுக்கணக்கில் கட்டின கைகாரர் அதே கையால், அதே கண்ணாடி நார் மேட்டால் 45 நாட் படகு கட்டினால் நிற்கும் என்று நினைப்பது தவறு. திறமையில் குறை சொல்லவில்லை. சுமையே வேறு.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். இரண்டு ஸ்ட்ரிங்கர்களுக்கு நடுவே இருக்கும் அடிப்பலகையை ஒரு பலகைத் துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருக்கும் ஒரு ஸ்ட்ரிங்கர் பிரிந்துவிட்டால் தாங்கலில்லாத அகலம் இரண்டு மடங்காகிறது. அப்போது அதே அழுத்தத்துக்குப் பலகை வளைவது 16 மடங்கு, அதன் ஓரங்களில் தகைவு (ஸ்ட்ரெஸ்) 4 மடங்கு. அதனால்தான் ஓர் இணைப்பு விட்டுப்போனால் அடுத்ததும் சீக்கிரம் விட்டுப்போகிறது.

1952 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் லோக் நெஸ் ஏரியில் வேக சாதனையாளர் ஜான் காப் தன் க்ரூசேடர் ஜெட் படகில் மணிக்கு 200 மைலைத் தாண்டி ஓடியபோது படகு சிதறி அவர் இறந்தார். தண்ணீரில் இருந்தவை சிற்றலைகள்தான். அந்த வேகத்தில் முன்பக்கத் தளம் நொறுங்கியதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நம் யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் சிற்றலைதானே என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வரும்.

படி 1: காகிதமும் எடை மேடையும்

ஐரோப்பியச் சான்று பெற்ற படகானால் ஒரு தகட்டில் ஏ, பி, சி, டி என்று வகை இருக்கும். சி என்றால் காற்று பியூபோர்ட் அளவுகோலில் 6 வரை, அலை 2 மீட்டர் வரை. டி என்றால் அமைதியான நீர், அலை அரை மீட்டருக்குள். முட்டுக்காடு உப்பங்கழிக்கு டி போதும். அதை வைத்துக்கொண்டு வடகிழக்குப் பருவத்தில் வாடைக் காற்றில் கடலுக்குப் போகிறேன் என்றால் அது வேறு விஷயம்.

அமரத்தின், அதாவது பின்பக்கத்தின், வலது மேல்மூலையில் உடல் எண் பொறித்திருக்கும். அமெரிக்க வடிவ எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். அந்த எண் இல்லை, அல்லது சுற்றிலும் நிறம் மாறியிருக்கிறது என்றால் டிரான்ஸமை, அதாவது எஞ்சின் தொங்கும் பின்சுவரை, பிரித்து மறுபடி கட்டியிருக்கலாம். யார் செய்தது, எப்போது என்று கேளுங்கள்.

பிறகு டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு ஏதாவது எடை மேடைக்குப் போங்கள். செங்குன்றம் பக்கமும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் லாரிக்காகவே வைத்திருப்பார்கள். சில நூறு ரூபாய் செலவு. டிரெய்லர், எஞ்சின், பெட்ரோல் (300 லிட்டர் என்றால் சுமார் 220 கிலோ) எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கம்பெனி சொன்ன வெறும் எடையோடு ஒப்பிடுங்கள். 30, 40 கிலோ கூடினால் பரவாயில்லை. 200 கிலோ கூடினால் படகு எங்கேயோ தண்ணீர் குடித்திருக்கிறது. இதைச் செய்கிறவர்களை நான் இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு லாரிகளுக்கு நடுவே வரிசையில் நிற்க வெட்கம்.

படி 2: வெயில் சாய்ந்திருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள்

உச்சி வெயிலில் எல்லா படகும் அழகு. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ அணியத்தின், அதாவது முன்பக்கத்தின், அருகில் நின்று உடலின் நீளத்தை ஒட்டிக் கண்ணை வையுங்கள். பிரதிபலிப்பு நேராக ஓட வேண்டும். ஓரிடத்தில் அலை அலையாய் நெளிந்தால் அங்கே பட்டி வேலை. சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் உள்ளே இருக்கும் தடுப்புகள் உடலைக் குத்தி நிற்கின்றன. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

படி 3: வெடிப்புகளைப் படியுங்கள்

இதில் நேரம் செலவு செய்யுங்கள். ஜெல்கோட் என்பது மேலே இருக்கும் அரை மில்லிமீட்டர் சொச்ச நிறத் தோல். அதில் வெடிப்பு வந்ததென்று படகையே தள்ளிவிட வேண்டாம். வெடிப்பின் வடிவம்தான் சேதி சொல்லும்.

மீன்வலை மாதிரி எங்கும் பரவிய மெல்லிய கீறல்கள்: வெயில், வயது, அல்லது ஜெல்கோட்டைத் தடிமனாக அடித்தது. மேல் தளத்தில் இருந்தால் பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான்.

நடுவிலிருந்து நட்சத்திரமாய்க் கிளம்புவது: ஒரு புள்ளியில் அடி பட்டிருக்கிறது. பல சமயம் உள்ளிருந்து. நங்கூரம் விழுந்திருக்கும், அல்லது வெளியிலிருந்து டிரெய்லர் உருளை குத்தியிருக்கும். நட்சத்திரத்தின் நேர் பின்பக்கத்தை உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே நார் வெளுத்திருந்தால் அடி தோலோடு நிற்கவில்லை.

ஒரு மூலையிலிருந்து விசிறியாய்ப் பிரிவது: தகைவு அந்த மூலையில் குவிகிறது. ஹேட்ச் (தளத்திலுள்ள மூடி) வாய், ஜன்னல் வெட்டு, இருக்கை அடி ஆகியவை சந்தேகத்துக்குரிய இடங்கள். கூர்மூலையாக வெட்டியிருந்தால் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் பயப்படுவது இணையாக ஓடும் கோடுகளுக்குத்தான். அடிப்பக்கத்தில், ஸ்ட்ரிங்கர் ஓடும் இடத்துக்கு ஒட்டினாற்போல, விரலகல இடைவெளியில் இரண்டு மூன்று கோடுகள் நீளமாகப் போனால் பலகை அந்த ஓரத்தில் கீல் மாதிரி மடங்கி மடங்கி எழுகிறது என்று அர்த்தம். என் படகிலும் இருந்தன. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஆண்டிஃபவுலிங் பெயிண்டுக்குள் மறைந்திருந்தன. விற்றவர் வாரத்துக்கு முன்தான் புது பெயிண்ட் அடித்திருந்தார். அதை நான் கவனிப்பு என்று நினைத்தேன். இப்போது அடிப்பக்கத்தில் புது பெயிண்ட் வாசனை வந்தால், ஒரு உள்ளங்கை அகலம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்கிறேன். தயங்கினால் நான் கிளம்பிவிடுகிறேன்.

படி 4: பானை தட்டுவது போல

சந்தையில் பானை வாங்கும்போது நம் பாட்டிமார் சுண்டிப் பார்ப்பார்கள். அதே வேலைதான். சின்ன பிளாஸ்டிக் சுத்தி அல்லது ஐந்து ரூபாய் நாணயம், கையில் ஒரு சாக்பீஸ். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. நன்றாக இருக்கும் இடம் "டக்" என்று கூராகப் பேசும். அடுக்கு பிரிந்த இடம், உள்ளே நனைந்த இடம் "தொப்" என்று அமுங்கும். அமுங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே பல்க்ஹெட், அதாவது குறுக்குத் தடுப்பு, வரும் இடத்தில், நடுவே ஃபோம் அல்லது பால்சா மரம் முடிந்து வெறும் பைபர் தொடங்கும் இடத்தில் சத்தம் இயல்பாகவே மாறும். அதனால் இடப்பக்கத்தில் ஓரிடம் சந்தேகமாயிருந்தால் வலப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் அது கட்டுமானம். ஒன்று மட்டும் மாறினால் அது கோளாறு. முடிந்ததும் சாக்பீஸ் வட்டங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், விலை பேசும்போது வேறு பேச்சே வேண்டாம்.

மாய்ஸ்சர் மீட்டரும் பயன்படும், ஆனால் தனியாக நம்பக் கூடாது. மழை பெய்த மறுநாள், அன்றுதான் கரையேற்றிய படகு, செம்புக் கலப்புப் பெயிண்ட், கார்பன் ஃபைபர் எல்லாம் பொய்க்கணக்கு காட்டும். நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்த படகென்றால் அடியில் கொப்புளங்களையும் தேடுங்கள். ஒன்றைக் குத்தினால் வினிகர் வாடையில் பிசுபிசு திரவம் வந்தால் அது ஆஸ்மாசிஸ், பைபருக்குள் நீர் ஊறியதால் வருவது. சில கொப்புளம் என்றால் சரிசெய்யலாம், அவசரமில்லை.

படி 5: டிரான்ஸம்

ஒரு 300 குதிரைத்திறன் அவுட்போர்டு சுமார் 250 கிலோ இருக்கும். இரண்டு வைத்தால் அரை டன் பின்னால் தொங்குகிறது, அலையில் குதிக்கும்போது அது பல மடங்கு கனக்கிறது. அதைத் தாங்குவது பெரும்பாலும் பைபருக்குள் வைத்த பிளைவுட். எஞ்சின் போல்ட் போட்ட ஓட்டையில் சீலன்ட் சரியாக இல்லையென்றால் அந்த பிளைவுட் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஊறி அழுகும்.

எஞ்சினை முழுக்க மேலே தூக்குங்கள். ஒருவர் எஞ்சினின் கீழ்க்காலில், அதாவது ப்ரொப்பெல்லர் இருக்கும் முனையில், உடம்பு எடையைப் போட்டு மெல்ல அமுக்க வேண்டும். இன்னொருவர் டிரான்ஸம் மூலையில் கண்ணை வைத்திருக்க வேண்டும். டிரான்ஸம் அசைவது கண்ணுக்குத் தெரியக் கூடாது. வாஷர் ஜெல்கோட்டுக்குள் புதைந்திருந்தால் உள்ளே மரம் மெத்தென்று ஆகிவிட்டது. விற்பவர் ஒத்துக்கொண்டால் உள்பக்கத்தில் கீழே இருக்கும் ஏதாவது ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். காய்ந்த தூள் வந்தால் நல்லது. டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் கசிந்தால் டிரான்ஸம் முழுவதையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். மற்ற எந்த ஒற்றைக் கோளாறையும்விட இதுதான் பணத்தைத் தின்னும்.

படி 6: தரைக்கு அடியில்

எல்லா ஹேட்சையும் திறந்து தலையை உள்ளே விடுங்கள். போன் கேமராவைக் கையில் நீட்டிப் படம் எடுத்தாலும் சரி. தேடுவது ஸ்ட்ரிங்கரும் பல்க்ஹெட்டும் உடலோடு சேரும் மடிப்பில் ஒட்டியிருக்கும் பைபர் பட்டை. அதன் விளிம்பில் ரெசின், அதாவது நாரைப் பிணைக்கும் பிசின், வெளுத்து வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே இழுவை நடக்கிறது. விளிம்பில் பிளேடு நுழைந்தால் பிரிந்தே விட்டது. பட்டைக்கு அடியில் பெயிண்டோ ஜெல்கோட்டோ தெரிந்தால் தேய்க்காமல் ஒட்டியது, என் படகில் இருந்த அதே வியாதி.

ஏன் தேய்க்க வேண்டும்? பாலியஸ்டர் ரெசின் இறுகும் முன், ஏறத்தாழ ஒரு நாளுக்குள், அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் வேதியியலாகப் பிணையும். அதற்குப் பிறகு முரட்டுப் பரப்பைப் பற்றிக்கொண்டு நிற்பது மட்டும்தான். மெழுகு மேலே வந்து பளபளக்கும் பரப்பில் அதுவும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டு, திங்கள் காலை வந்து, கிரைண்டரைத் தொடாமல் ஸ்ட்ரிங்கர் ஒட்டும் பட்டறைகள் உண்டு. படகு ரெண்டு வருடம் நன்றாகத்தான் ஓடும்.

ஸ்ட்ரிங்கரில் தண்ணீர் ஓடுவதற்காகத் துளை போட்டிருப்பார்கள். அதற்குள் விரலை விட்டுத் தடவுங்கள். பைபரோ எபாக்ஸியோ வழவழப்பாய் மூடியிருக்க வேண்டும். மரம் விரலில் தட்டினால் அந்த வழியாகத்தான் ஈரம் ஏறும். மீன்பிடிப்பவர்கள் சென்சார் பொருத்தப் போட்ட ஸ்க்ரூ ஓட்டைகளும் அதே கதை.

மேல்தளமும் உடலும் சேரும் வரியை ரப்பர் பட்டையைச் சற்று விலக்கிப் பாருங்கள். வெறும் ஸ்க்ரூ மட்டுமா, ஊடுருவிய போல்ட்டும் பசையும் இருக்கிறதா? வேகப் படகில் நான் வெறும் ஸ்க்ரூவை ஏற்க மாட்டேன்.

படி 7: கடலில், மதியத்துக்கு மேல்

விற்பவர் காலை ஆறரைக்கு வரச் சொல்வார். அப்போது கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறி, குட்டை குட்டையாய் அலை கிளம்பும்போது போங்கள். அதற்கு முன் பில்ஜைத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். பல்க்ஹெட் மடிப்புகளின் குறுக்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, மேல் ஒரு பென்சில் கோடு இழுங்கள்.

வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை விற்பவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை ஸ்ட்ரிங்கர் மேல் வையுங்கள். அலை மோதும்போது ஒரே "தட்" வர வேண்டும். பின்னாலேயே மங்கலாய் இன்னொன்று வந்தால் பெரியவர் சொன்னது அதுதான். கரைக்கு வந்ததும் டேப் கிழிந்திருக்கிறதா, பென்சில் கோடு விலகியிருக்கிறதா, பில்ஜில் ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இன்னொரு படகு பக்கத்தில் வர, இதைச் செய்யுங்கள்.

புதிதாகக் கட்டச் சொன்னால்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் பைபர் பட்டறைகள் பெருகின. நல்ல வேலைக்காரர்களும் அதில் உருவானார்கள், அவசரக் கட்டுமானமும் நடந்தது. பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஷோரூமில் உட்காராமல், ரெசின் அடிக்கும் நாளில் உள்ளே நில்லுங்கள்.

கண்ணாடி மேட் ரோல்கள் தார்ப்பாயின் கீழ் வெறும் தரையில் கிடக்கின்றனவா? நம் ஊர் ஈரக்காற்றில் மேட் நீர் இழுக்கும், அதில் ரெசின் சரியாக ஊறாது. ரெசின் டின்னில் ஹார்ட்னரை அளவுக் குப்பியில் விடுகிறார்களா, கண்ணளவிலா? வழக்கமான அளவு ஒன்று முதல் இரண்டு சதவீதம். மே மாத வெயிலில் கலவை சட்டென்று கெட்டியாகிவிடும் என்று பயந்து ஹார்ட்னரைக் குறைப்பார்கள். அப்படிச் செய்த அடுக்கு மாதக்கணக்கில் முழுதாக இறுகாது. மூடிய அறைக்குள் ரெசினின் ஸ்டைரீன் நெடி போகாமல் இருப்பதும், அசிட்டோன் துணியால் துடைத்தால் பிசுபிசுப்பதும் அதன் அடையாளம்.

கையால் மேட் அடித்தால் எடையில் கண்ணாடி 30 முதல் 35 சதவீதம்தான் வரும், மீதி ரெசின். காற்றை உறிஞ்சி ரெசினை ஊறவைக்கும் வாக்குவம் இன்ஃப்யூஷனில் 60க்கு மேல் வரும். கண்ணாடிதான் பலம், ரெசின் பசை மட்டும். "சார், தடிமனா போட்டிருக்கோம்" என்று சொல்வார்கள். ரெசின் கூடித் தடித்த படகு கனமானது, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: உடலில் ஓட்டை போடும்போது வெட்டியெடுக்கும் வட்டத் துண்டுகள் எல்லாம் எனக்கு. அந்தத் துண்டை உடைத்துப் பார்த்தால் வெள்ளையாய்க் காய்ந்த நார் தெரியும், காற்றுக்குமிழி தெரியும். கிண்டி சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து எரித்துப் பார்த்தால் ரெசின் போய் மிஞ்சும் கண்ணாடியின் எடை தெரியும். இந்த வரியைக் கேட்டதும் முகம் மாறாத பட்டறையில்தான் நான் முன்பணம் கொடுப்பேன்.

வாங்குவதா, விடுவதா

ஜெல்கோட் கீறல், சில கொப்புளம், தளத்தில் சின்ன ஈரம், இவை பேரத்துக்கு. ஒரு பக்கத்தில் பட்டை பிரிந்திருந்தால் பழுதுச் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதன் இரண்டு மடங்கை விலையில் குறையுங்கள். தரையை அறுத்த பிறகுதான் மற்ற பாதி தெரியும். டிரான்ஸமும் ஸ்ட்ரிங்கரும் சேர்ந்து போயிருந்தால் எஞ்சின் விலைக்கு மட்டும் பேசுங்கள், உடலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாங்கிய பிறகு முதல் வாரமே யாராவது மீன் பிடிக்கும் கருவி பொருத்த டிரில்லோடு வந்து நிற்பார். நிறுத்தி வையுங்கள். ஓட்டையைத் தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, உள்ளிருக்கும் மரத்தையோ ஃபோமையோ சுற்றிலும் சுரண்டி, எபாக்ஸியால் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, அதன் நடுவில் ஸ்க்ரூவுக்கான சின்னத் துளையைப் போடச் சொல்லுங்கள். அவர் சிலிக்கான் டியூபை நீட்டினால் வாங்கிக் குளியலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பாலியூரிதேன் சீலன்ட்தான்.